புள்ளி மிதக்க வேண்டும்

மே 11, ஞாயிறு

ஆற்றங்கரைக் கூடுதுறைக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் ஓர் ஐஸ் வண்டியில் என் எழுத்தைப் பார்த்தேன். 'குல்ஃபி' என்று சிவப்பில். ஆய்தத்தின் மூன்று புள்ளிகளும் யாரோ தூக்கிப் போட்டுப் பிடிக்கிற பந்துகள் மாதிரி. அப்படித்தான் வரைந்தேன். தாரிகா கைக்குழந்தையாக இருந்தபோது, அவள் தூங்குகிற நேரமெல்லாம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பிரஷ் பேனாவால் ஒவ்வொரு எழுத்தாக வரைந்து, பிறகு கணினியில் எழுத்துருவாக ஏற்றினேன். 'துள்ளல்' என்று பெயர் வைத்தேன். கோட்டில் நிற்காத எழுத்துகள். க முன்னால் சாயும், ட உட்கார்ந்திருக்கும், மெய்யெழுத்தின் புள்ளி உடம்பை விட்டு மேலே எகிறும்.

இப்போது பவானியில் குழந்தை என்ற சொல் எங்கே வந்தாலும் கூடவே துள்ளலும் வந்துவிடுகிறது. பிறந்தநாள் ஃப்ளெக்ஸ், சொட்டு மருந்து முகாம் நோட்டீஸ், பல் டாக்டர் போர்டு. பாதிப் பேரிடம் இருப்பது திருட்டுப் பிரதி.

வண்டியைக் காட்டி, "என்னோடதுங்க" என்றேன் சிவநேசனிடம்.

"ஓசில ஒரு குல்ஃபி குடுப்பானான்னு கேளேன்" என்றார்.

மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிற கணவருக்கு எழுத்து என்றால் அவ்வளவுதான்.

மே 19, திங்கள்

சிட்டுக்கூடம் மழலையர் பள்ளியின் தாளாளர் நல்லசிவம் கூப்பிட்டிருந்தார். வாசலில் புதிதாக ஒரு வளைவு கட்டியிருக்கிறார்கள். அதன் மேல் பள்ளியின் பெயரை இரும்புத் தகட்டில் வெட்டி நிறுத்த வேண்டுமாம். ஏழு எழுத்து, ஒவ்வொன்றும் இடுப்பு உயரம். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் ஏற்றியாக வேண்டுமாம்.

"ரோட்டுல போறவன் வண்டிய நிறுத்திப் பாக்கோணும் அம்மிணி. உங்க எழுத்துத்தான் வேணும். ஊட்டுல பேத்தி சொல்லிப்போட்டா."

கூலி பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. தாரிகாவுக்கு யுகேஜியில் இடம் தருவதாகவும், அவள் அங்கே படிக்கும்வரை ஃபீஸ் வேண்டாம் என்றும் சொன்னார். சிவநேசனிடம் சொன்னபோது முதல்முறையாக என் எழுத்தை மரியாதையாகப் பார்த்தார்.

வெட்டி, வெல்டிங் வைக்கிற வேலை குப்புராஜுக்கு. மேட்டூர் ரோட்டில் பட்டறை. "பவானில பாதிக் கேட்டு நம்ம கைதானுங்க்கா" என்கிறான். விசாரித்தால் மூன்று கேட் தேறுகிறது. திங்கள்கிழமை என்றால் வியாழக்கிழமை வருவான். வந்தும் முதலில் டீ கேட்பான்.

மே 27, செவ்வாய்

மாவு ஆட்டிக்கொண்டிருந்தேன். கை முழுக்க உளுந்து. குப்புராஜ் போன் செய்தான். தாரிகா அதை ஸ்பீக்கரில் போட்டு மேடைமேல் வைத்தாள்.

"அக்கா, இந்தப் புள்ளிதானுங்க்கா ரோதன. எழுத்தோட ஒட்டாம அந்தரத்துல நிக்குது. பின்னாடி பட்டையா ஒரு இரும்பு குடுத்துச் சேத்தரட்டுங்களா?"

"பட்டை முன்னாடி தெரியுமா?"

"கொஞ்சம் தெரியுந்தானுங்க."

"அப்ப வேண்டாம். ஒல்லியா ஒரு கம்பி குடுத்தாப் போதும். கண்ணுக்குத் தெரியக்கூடாது. புள்ளி மிதக்கோணும்."

"காத்துக் காலமுங்க்கா."

"பட்டைன்னா உங்களுக்கு வேலை சுளுவு. அதனாலதான கேக்கறீங்க? படத்துல எப்படி இருக்குதோ அப்படியே செய்ங்க."

அவன் சிரித்தான். "நீங்க சொன்னாச் சரிங்க்கா."

சிவநேசன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டு மறுபடியும் பேப்பருக்குள் போய்விட்டார். மாவு கெட்டியாக இருந்தது. தண்ணீர் விட்டேன். அதிகமாகிவிட்டது. நாளைக்கு இட்லி சப்பையாகத்தான் வரும்.

ஜூன் 2, திங்கள்

பள்ளி திறந்தது. வளைவும் திறந்தது. மஞ்சளும் பச்சையுமாக ஏழு எழுத்துகள். கீழே நின்று பார்த்தால் 'ட்', 'க்', 'ம்' மூன்றின் புள்ளிகளும் வெறும் வானத்தில் நின்றன. கம்பி எங்கே என்று எனக்கே தெரியவில்லை. தாய்மார்கள் பிள்ளைகளை வளைவுக்குக் கீழே நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டே இருந்தார்கள்.

நல்லசிவம் எனக்குப் பொன்னாடை போர்த்தினார். "இதெல்லாம் அம்மிணியோட கைவண்ணம்" என்று மைக்கில் சொன்னார். குப்புராஜ் சாமான் ஏற்றிவந்த ஆட்டோ பக்கத்தில் நின்று கை தட்டினான். எல்லாரையும்விடச் சத்தமாகத் தட்டினான்.

ஜூன் 12, வியாழன்

'ம்' எழுத்தின் புள்ளி விழுந்துவிட்டது. பள்ளி விடும் நேரம். சம்யுக்தா என்ற குழந்தை மேல். தாரிகாவின் வகுப்பு.

காற்று அதிகம்.

ஜூன் 13, வெள்ளி

குழந்தைக்கு உயிருக்கு ஆபத்தில்லை. முதலில் இதை எழுதிக்கொள்கிறேன்.

தோசைக்கல் அளவுத் தகடு. வலது தோளில், கழுத்தை ஒட்டி விழுந்திருக்கிறது. தோளிலிருந்து கைக்குப் போகிற நரம்பு அறுந்திருக்கிறது என்கிறார்கள். கை தூக்க வரவில்லை. அப்பா லாரி ஓட்டுகிறவர், நாக்பூர் பக்கம் எங்கோ இருந்து வந்துகொண்டிருக்கிறாராம். அம்மா கவிதாமணி, கடைவீதியில் ஜவுளிக்கடையில் வேலை. ஆஸ்பத்திரி வராந்தாவில் கடைச் சீருடையோடு தரையில் உட்கார்ந்திருந்தாள். நான் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டேன். கூட்டமாக இருந்தது.

இரவு தாரிகா கேட்டாள்: "அம்மா, உன்ற புள்ளிதான விழுந்துச்சு?"

தூங்கு என்றேன்.

ஜூன் 14, சனி

நல்லசிவம் போன் செய்தார். "போலீஸ் வந்தா, படம் மட்டுந்தான் குடுத்தேன்னு சொல்லிப்போடுங்க அம்மிணி. பொய் சொல்லச் சொல்லலீங்க. படம் மட்டுந்தான குடுத்தீங்க?"

உண்மைதான். படம் மட்டும்தான் கொடுத்தேன். மிதப்பதுபோலத் தெரிய வேண்டும் என்று சொல்லியிருப்பேன். இரும்பு மிதக்கும் என்று எந்த மனுஷியாவது சொல்வாளா?

ஜூன் 16, திங்கள்

எஸ்.ஐ. வந்தார். தன்மையான ஆள். செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார். படத்தைக் காட்டினேன்.

"கம்பி வெக்கறது, பட்டை வெக்கறது, அது பத்தி ஏதாச்சும் பேச்சு வந்துச்சுங்களா?"

"அதெல்லாம் வேலை செய்யறவங்க பாத்துக்கறதுங்க" என்றேன்.

அப்போது சிவநேசன் டீ கொண்டுவந்தார். தம்ளரை மேசையில் வைக்கும்போது ததும்பி என் படத்தின் மேல் கொட்டிவிட்டது. துணி எடுக்கப் போனவர் திரும்பி வரவில்லை. எஸ்.ஐ. போகிறவரை அடுப்படியிலேயே நின்றிருக்கிறார்.

சாயங்காலம் குப்புராஜைக் கூட்டிப்போய்விட்டார்கள்.

ஜூன் 21, சனி

நான்தான் கம்பி போதும் என்று சொன்னதாகக் குப்புராஜ் ஸ்டேஷனில் சொன்னானாம். நல்லசிவம் சிரித்துக்கொண்டே சொன்னார். "ஊருல பாதிக் கேட்டு நான் செஞ்சதும்பான். அதைய நம்பினாத்தான இதைய நம்போணும்?"

ஏதோ கேட்டான் என்று நினைவு. தாளாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். வேறு எப்படிச் சொல்வேன்?

கேஸ் சிலிண்டர் வந்தது. ரெகுலேட்டர் கசிகிறது. மாற்ற வேண்டும்.

ஜூன் 24, செவ்வாய்

பஸ் ஸ்டாண்டில் ஃப்ளெக்ஸ் கட்டியிருக்கிறார்கள். குழந்தையின் படம். கீழே 'சம்யுக்தாவுக்கு நீதி வேண்டும்'.

துள்ளலில்.

குழந்தை சமாச்சாரம் என்று ஃப்ளெக்ஸ் கடைக்காரன் யோசிக்காமல் போட்டிருப்பான். நீதி ஒரு பக்கம் சாய்ந்து குதித்துக்கொண்டிருந்தது. பஸ் வரும்வரை எதிரே நிற்க வேண்டியிருந்தது. செல்போனைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஜூலை 5, சனி

கவிதாமணி வீட்டுக்கு வந்தாள், குழந்தையோடு.

கதவைத் திறந்ததும் திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். ஆனால் அவள் கும்பிட்டாள். "நீங்கதானுங்க்கா அந்த எழுத்தெல்லாம் வரையறவங்கன்னு சொன்னாங்க. ஒரு ஒதவி கேட்டு வந்தேனுங்க."

சம்யுக்தாவின் வலது கை உடம்போடு ஒட்டித் தொங்கியது. பிடித்து வைத்தால் வைத்த இடத்தில் இருக்கிறது. இனி இடது கைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"எழுதவே மாட்டீங்கறாளுங்க. பள்ளிக்கொடத்துல தனியா சொல்லிக்குடுக்க ஆருக்குங்க நேரமிருக்குது? வாரத்துக்கு ஒருக்கா நீங்க பாத்தீங்கன்னா..."

சரி என்றேன். வேறென்ன சொல்வது.

டீ போட்டேன். கவிதாமணி தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் பேசினாள். "அந்தப் படுபாவி ஒரு பட்டை வெச்சிருந்தா எம்புள்ளைக்கு இந்தக் கெதி வந்திருக்குமாங்க்கா? இரும்ப மிச்சம் புடிச்சுட்டான். அவங்கை அழுகோணும். அவம்புள்ளைக கை..." சொல்ல வந்ததை நிறுத்திவிட்டு, "புள்ளைக வேண்டாம். அவங்கை" என்றாள்.

சர்க்கரை போதுமா என்று கேட்டேன்.

ஜூலை 19, சனி

மூன்றாவது வகுப்பு. இடது கையால் எழுதினால் எழுதியதைக் கையே மறைத்து அழிக்கிறது. தாளைச் சாய்த்து வைத்துப் பார்த்தோம். சரியாக வந்தது. முதலில் ட. பிறகு ப. 'டப்பா' என்று எழுதி அவளே சிரித்தாள். என்னை அத்தை என்கிறாள். நடுவில் இரண்டு முறுக்கு தின்றாள். தாரிகா அவளுக்காக டப்பாவைத் திறந்து கொடுத்தாள். அதை யாரும் சொல்லித்தரவில்லை.

குழந்தையின் எழுத்துகள் கோட்டில் நிற்கவில்லை. முன்னும் பின்னும் சாய்ந்து, எகிறி, துள்ளல் மாதிரியே இருந்தன. நான் இரண்டு வருஷம் கஷ்டப்பட்டு வரவழைத்தது இவளுக்குத் தானாக வருகிறது. பார்க்கப் பிடிக்கவில்லை. கோட்டுக்குள் எழுது என்று இரண்டு தடவை அதட்டினேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. கூடுதுறையில் நிற்க இடமில்லை. காதோலை கருகமணி வாங்கிக்கொண்டு திரும்பும்போது யாரோ, "அக்கா" என்று கூப்பிட்டார்கள்.

குப்புராஜ். ஜாமீனில் வந்திருக்கிறான். தாடி. சட்டை தொளதொளவென்று தொங்கியது.

"நில்லுங்க்கா. ஒண்ணே ஒண்ணு. நான் கேட்டனா இல்லீங்களா? பட்டை வெக்கட்டுங்களான்னு கேட்டனா இல்லீங்களா?"

ஜனங்கள் நின்று பார்த்தார்கள். தாரிகா என் கையைப் பிடித்திருந்தாள். சிவநேசன் இரண்டடி பின்னால் நின்றார்.

"பட்டறைய சாத்தியாச்சுங்க. சம்சாரம் அவங்கம்மா ஊட்டுக்குப் போயிட்டா. ரோட்டுல போனாப் புள்ளையக் கொல்லப் பாத்தவன்னு சொல்றாங்க. என்ற வெல்டுதான் விட்டுப்போச்சு, இல்லேங்கல. ஆனா நான் கேட்டனுங்க்கா. ஆமான்னு ஒரு வார்த்த சொல்லுங்க. இந்த ஆத்து முன்னால சொல்லுங்க."

"எனக்கு ஞாபகம் இல்லீங்க" என்றேன்.

தேங்காய்க் கடைக்காரர் எழுந்து வந்து, "பொம்பளைகிட்ட என்றா சத்தம்?" என்று அவன் தோளைப் பிடித்துத் தள்ளினார். குப்புராஜ் தள்ளப்பட்ட பக்கமே நடந்து போய்விட்டான்.

வீட்டுக்கு வந்ததும் சிவநேசன் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். "போன் ஸ்பீக்கர்ல இருந்துச்சு வாணி" என்றார்.

"அதனால?"

"ஒண்ணுமில்ல."

"ஃபீஸ் நீங்க கட்டறீங்களா? நான் செயிலுக்குப் போனா இவளுக்கு ஆரு சோறாக்குவா? எல்லாம் யோசிச்சுத்தான் பேசோணும்."

ஒன்றுமில்லை என்றுதானே சொன்னார். நான் ஏன் இவ்வளவு பேசினேன் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

குழம்பில் உப்புக் கரித்தது. சிவநேசன் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். முன்பெல்லாம் சொல்வார்.

ஆகஸ்ட் 23, சனி

சம்யுக்தா இன்று தன் பெயரை முழுக்க எழுதிவிட்டாள். யு கொஞ்சம் தடுமாறியது. 'க்' போட்டு, புள்ளி வைக்கும்போது நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கவிதாமணி தாளைப் பார்த்துவிட்டு என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "இந்தக் கை நல்லா இருக்கோணுங்க்கா."

நல்லசிவத்திடமிருந்து போன். கோபியில் கிளை தொடங்குகிறாராம். அதற்கும் என் எழுத்துத்தான். "இந்தத் தடவ பெயிண்டுதானுங்க அம்மிணி, ஒண்ணும் உளுகாது" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்ததை எழுதத்தான் வேண்டும்.

செப்டம்பர் 8, திங்கள்

காலையில் கிளம்பின சிவநேசன் மண்டிக்குப் போகவில்லை. பதினொரு மணிக்கே திரும்பி வந்து குழாயடியில் கால் கழுவினார்.

"ஸ்டேஷனுக்குப் போயிட்டு வர்றேன்."

"எதுக்கு?"

"காதுல கேட்டதச் சொல்லிட்டு வர்றேன்."

நான் கையில் வைத்திருந்த முறத்தை எறிந்தேன். அரிசி முற்றமெல்லாம் சிதறியது. "கட்டுன பொண்டாட்டியக் காட்டிக் குடுத்துட்டு வந்து, ஒண்ணும் நடக்காத மாதிரி காலக் கழுவறீங்க!"

அவர் குனிந்து அரிசியைப் பொறுக்க ஆரம்பித்தார். பொறுக்கிக்கொண்டே சொன்னார்: "நேத்து தாரிகா கேட்டா. 'அப்பா, அந்த மாமா பட்டை வெக்கட்டுமான்னு கேட்டாருதான? நானுங் கேட்டனே. அம்மா ஏன் மறந்துருச்சு?'ன்னு. நானும் மறந்துட்டேன்னு சொல்ல வாயத் தொறந்தேன் வாணி. வரல. நாளைக்கு அவளும் மறந்துட்டேன்னு சொல்லப் பழகிருவா."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாமில்ல?"

"மூணு மாசமாச் சொல்லிட்டுத்தான் இருந்தேன்" என்றார்.

ஒரு நாள்கூடச் சொன்னதில்லை. பேசாமல் இருந்ததைத்தான் சொன்னதாகச் சொல்கிறார்.

செப்டம்பர் 10, புதன்

இன்ஸ்பெக்டர் கூப்பிட்டனுப்பினார். பெரிய விசாரணை என்று பயந்து போனேன். ஒரே ஒரு கேள்விதான்.

"உங்க வீட்டுக்காரரு சொல்றது நெசமுங்களா?"

ஆமாம் என்றேன். ஒரு வார்த்தை. குப்புராஜ் கேட்டதும் அந்த ஒரு வார்த்தையைத்தான். எழுதி, கையெழுத்துப் போடச் சொன்னார்கள். என் பெயரையும் வழக்கில் சேர்ப்பார்களாம். குப்புராஜின் பெயர் அப்படியே இருக்கும்; வெல்டு அவனுடையது. ஆக என் ஆமாமினால் அவனுக்குப் பாதிதான் விடுதலை.

வெளியே வந்தபோது அவன் வேப்பமரத்தடியில் நின்றிருந்தான். ஏதாவது சொல்வான் என்று நின்றேன். என்னைத் தாண்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

செப்டம்பர் 12, வெள்ளி

தாரிகாவின் டி.சி. வந்துவிட்டது. கோபி வேலையும் இல்லை. வளைவில் மிச்சமிருந்த எழுத்துகளை இறக்கிவிட்டு, நேராக நிற்கிற எழுத்தில் பெயர் எழுதியிருக்கிறார்கள். நல்லசிவத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. பள்ளி அவருடையது, வளைவு அவருடையது, அவசரம் அவருடையது. விழுந்தது மட்டும் எங்களுடையதாம்.

தாரிகாவை அரசாங்கப் பள்ளியில் சேர்க்க சிவநேசன் லீவு போட்டுப் போனார். இரண்டு பேரும் ஐஸ் தின்றுகொண்டு திரும்பி வந்தார்கள்.

செப்டம்பர் 13, சனி

மேசையைத் துடைத்து, தாள் எடுத்து வைத்திருந்தேன். யாரும் வரவில்லை.

செப்டம்பர் 20, சனி

வரவில்லை.

செப்டம்பர் 27, சனி

வந்தார்கள்.

கேட் சத்தம் கேட்டு ஓடினேன். சம்யுக்தா உள்ளே வந்து செருப்பை உதறிவிட்டு, வழக்கமான நாற்காலியில் போய் ஏறிக்கொண்டாள். கவிதாமணி கேட்டுக்கு வெளியே நின்றாள்.

"உள்ள வா கவிதாமணி."

"இவ அழுகறா. அதான் கூட்டியாந்தேன். ஒரு மணி நேரம்."

அவ்வளவுதான் சொன்னாள். அக்கா இல்லை. ங்க இல்லை. நான் பார்த்த நாளாக அந்த 'ங்க' இல்லாமல் அவள் ஒரு வார்த்தை என்னிடம் பேசியதில்லை.

தெருவைக் கடந்து, எண்ணெய் மில்லுக்கு முன்னால் இருக்கிற சாக்கடைத் திட்டில் போய் உட்கார்ந்தாள். எங்கள் வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. அந்தப் பக்கம் நிழல் கிடையாது.

என்னைத் திட்டியிருந்தால் தேவலை. குப்புராஜைச் சொன்ன மாதிரி இந்தக் கை அழுகட்டும் என்று ஒரு வார்த்தை. அவள் ஏன் சொல்லவில்லை என்பதும் தெரிகிறது. அவள் குழந்தைக்கு இந்தக் கை இன்னும் வேண்டியிருக்கிறது.

ரகர வரிசை எழுதினோம். நடுவில் சம்யுக்தா ஜன்னலைப் பார்த்துவிட்டு, "அம்மா உங்ககூட டூவா அத்த?" என்று கேட்டாள்.

"ஆமா."

"நீங்க என்ன பண்ணுனீங்க?"

தாளைத் திருப்பி வைத்து, அடுத்த எழுத்தை எழுது என்றேன். எழுதினாள்.

ஒரு சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்து போனேன். கவிதாமணி திரும்பவில்லை. கழுத்திலிருந்து வியர்வை வழிந்து ரவிக்கை நனைந்திருந்தது. சொம்பை அவள் பக்கத்தில் திட்டின்மேல் வைத்துவிட்டு வந்தேன்.

ஒரு மணி நேரம் முடிந்ததும் சரியாக எழுந்து வந்தாள். குழந்தையின் தொங்குகிற வலது கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அடுத்த சனிக்கெழம வருவோம்தான அம்மா?" என்று சம்யுக்தா கேட்டுக்கொண்டே போனாள். தெருமுனை திரும்பும்வரை கேட்டாள். பதில் என் காதில் விழவில்லை.

சொம்பை எடுக்கப் போனேன். விளிம்புவரை இருந்த தண்ணீர் அப்படியே இருந்தது. வெயிலில் கொதித்துக் கிடந்தது.